ஒரு டப்பா எத்தனை நாளைக்கு?

கார்த்திகை, மார்கழி மாதங்களில் வேடந்தாங்கல் ஏரிக்கு வருகிறவர்கள் பார்வைக் கோபுரத்தில் ஏறிப் பறவைகளைக் கண்டு களித்து, இறங்கியதும் கரையோரக் கடைகளில் தேநீரும் சுண்டலும் வாங்குவார்கள். நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் தொண்டைக்குள் இரை சுமந்து வந்து குஞ்சுகளுக்குக் கொடுப்பதை அவர்கள் அதிசயமாகப் பார்க்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த நமக்கு அது பழகிப்போன காட்சி. ஆனாலும் ஒன்றைக் கவனித்திருப்போம். தாய்ப்பறவை ஒரே வேளையில் கொட்டிவிட்டுப் போய்விடுவதில்லை. பல தடவை வருகிறது, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. கொண்டு வருவது தண்ணீராக இருப்பதில்லை, கெட்டியான மீனும் நத்தையுமாக இருக்கிறது.

வணிகர் சங்க இதழில் பறவைக் கதை எதற்கு என்று உறுப்பினர்கள் கேட்கலாம். நம் கடையில் விற்கும் குழந்தை உணவைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இது ஞாபகம் வந்தது. அந்தச் சரக்கை நாம் ஆண்டுக்கணக்காக விற்றுக்கொண்டிருக்கிறோம். அதைப் பற்றி நமக்குத் தெரிந்ததோ கொள்முதல் விலையும் விற்பனை விலையும் காலாவதித் தேதியும்தான்.

சென்ற ஆண்டு இறுதியில் பற்று வரவு நோட்டை முடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் என் கண்ணில் பட்டது. கூலி வேலைக்குப் போகும் ஒரு குடும்பத்தின் கணக்கு அது. மாதச் சாமான்களுக்கு நடுவே, மாதம் தவறாமல் ஒரே ஒரு டப்பா குழந்தை உணவு, 300 கிராம். எட்டு மாதமும் அப்படியே. பணக் கஷ்டத்திலும் பிள்ளைக்கு நல்லதை வாங்குகிறார்களே என்று அன்றெல்லாம் சந்தோஷமாகத்தான் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். 300 கிராமை 30 நாளைக்குப் பங்கிட்டால் நாளைக்குப் பத்து கிராம், அதாவது சின்னக் கரண்டியில் இரண்டு மூன்று கரண்டி. இவ்வகை மாவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 400 கலோரி இருக்கும். எனவே அந்தக் குழந்தைக்கு நாளொன்றுக்கு அதிலிருந்து கிடைத்தது 40 கலோரி.

தாய்ப்பாலுடன் சேர்த்து ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி துணை உணவிலிருந்து கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஒன்பது முதல் பதினொரு மாதம் வரை 300, ஓர் ஆண்டுக்கு மேல் இரண்டு ஆண்டு வரை 550. இந்த 550க்கு முன்னால் 40 எம்மாத்திரம்? மற்ற உணவும் சரியாகக் கொடுத்திருந்தால் பாதகமில்லை. ஆனால் "டப்பா உணவு கொடுக்கிறோமே" என்ற நம்பிக்கையில் மற்றதைக் குறைத்திருந்தால் அந்த டப்பா குழந்தைக்குத் தீங்கே செய்திருக்கும்.

டாக்டர் அந்தக் குழந்தையை எப்போதோ ஒரு நாள் பார்ப்பார். அங்கன்வாடி ஊழியர் மாதம் ஒரு தடவை எடை போடுவார். ஒரு டப்பா எத்தனை நாளைக்கு வருகிறது என்பது மட்டும் நம் நோட்டில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பாடம் நமக்கு வேண்டியிருக்கிறது.

ஆறு மாதம் என்ற எல்லை

பிறந்தது முதல் ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது இன்று எல்லா மருத்துவர்களும் சொல்வது. ஆறு மாதத்திற்குப் பிறகு தாய்ப்பாலின் தரம் குறைந்துவிடுவதில்லை. குழந்தையின் தேவைதான் கூடிவிடுகிறது. குறிப்பாக இரும்புச்சத்து. தாயின் வயிற்றிலிருந்தே கொண்டு வந்த இருப்பு ஏறக்குறைய ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு மிகவும் குறைவு. இருப்பு தீரும் நேரத்தில் புதுக் கொள்முதல் வராவிட்டால் கடை என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டுக் குழந்தைகள் பலவும் ஐந்து ஆறு மாதம் வரை நன்றாகவே வளர்கின்றன. எடைக்கோடு சரியத் தொடங்குவது ஆறு மாதத்திற்கும் இரண்டு வயதிற்கும் இடையில்தான். ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை குழந்தை மாதத்திற்கு ஏறத்தாழ 250 முதல் 300 கிராம் வரை எடை கூட வேண்டும். கால் கிலோ என்பது நம் தராசில் சின்ன எடைக்கல். இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து அந்தக் கால் கிலோ ஏறாவிட்டால் பின்னால் உயரமும் நின்றுவிடும். இரண்டு வயதுக்குள் இழந்த உயரத்தைப் பிற்பாடு எவ்வளவு தின்றாலும் முழுதாக மீட்க முடிவதில்லை.

தமிழ்நாடு பல துறைகளில் முன்னேறிய மாநிலம் என்று பெருமைப்படுகிறோம். அது உண்மையும்கூட. ஆனால் 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், நம் மாநிலத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ளவர்களில் 57 பேருக்கு இரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் இரத்தசோகை 50 சதவீதத்தை ஒட்டியிருந்தது. உயரம் கொஞ்சம் தேறியிருக்கிறது, இரத்தம் தேறவில்லை.

தண்ணீர்க் கஞ்சி

ஏழு கிலோ எடையுள்ள குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்குச் சுமார் 200 மில்லிதான் கொள்ளும். ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டம்ளருக்குள் எவ்வளவு சத்தை அடைப்பது என்பதே கேள்வி. அரிசி மாவையோ கேழ்வரகு மாவையோ காய்ச்சினால் அது தண்ணீரை இழுத்துக்கொண்டு கூழாகக் கெட்டிப்படும். குழந்தையால் விழுங்க முடியாது. தாய் என்ன செய்வாள்? மேலும் தண்ணீர் ஊற்றித் தளர்த்துவாள். இப்போது டம்ளர் நிறையக் கஞ்சி இருக்கிறது, வயிறும் நிறைகிறது, குழந்தை அழாமல் தூங்கியும் விடுகிறது. ஆனால் உள்ளே போனது பத்துப் பன்னிரண்டு கிராம் மாவு. வயிறு நிறைந்தும் பிள்ளை மெலிகிறதே என்று தாய் திகைப்பது இதனால்தான்.

இதற்கு நம் பாட்டிமார் அறிந்த வழி ஒன்று உண்டு, கேழ்வரகை முளைகட்டுவது. இரவு ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டி, ஒன்றிரண்டு நாளில் முளை வந்ததும் நிழலில் உலர்த்தி, இலேசாக வறுத்து அரைப்பது. முளைக்கும் தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி உண்டாகிறது. அது மாவுச்சத்தை உடைத்துக் கூழைத் தளர்த்திவிடும். மற்ற மாவுடன் இருபதில் ஒரு பங்கு முளைகட்டிய மாவு சேர்த்தாலே, தண்ணீர் கூட்டாமல் கஞ்சி தளர்ந்து வரும். அதே டம்ளரில் இரட்டிப்புக்குக் குறையாத மாவைக் கொடுக்கலாம். பரோடாவிலும் மைசூரிலும் உணவு விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து உறுதி செய்திருக்கிறார்கள். கருக வறுத்தால் நொதி அழிந்துவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. வாசனை வந்ததும் இறக்கிவிட வேண்டும்.

இன்னொரு வழி எண்ணெய். ஒரு சின்னக் கரண்டி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ, அதாவது ஐந்து கிராம், 45 கலோரி கொடுக்கும். மேலே சொன்ன பத்து கிராம் டப்பா உணவு கொடுத்ததைவிட அதிகம். கஞ்சியும் கெட்டிப்படாது. "குழந்தைக்கு எண்ணெயா, சளி பிடிக்கும்" என்று பெரியவர்கள் தடுப்பதுண்டு. எண்ணெயால் சளி பிடிப்பதில்லை.

சத்து சேர்ப்பது எதற்கு?

டப்பாவின் மேல் இரும்பு, துத்தநாகம், வைட்டமின்கள் என்று வரிசையாக அச்சிட்டிருக்கும். விலை கூடுதலாக இருப்பதற்கும் அதையே காரணம் சொல்வார்கள். இப்படிச் சத்து செறிவூட்டிய உணவால் குழந்தை உயரமாகவும் எடையாகவும் வளருமா? இதற்கு உலகத்தில் நடந்த இரண்டு ஆராய்ச்சிகளைச் சொன்னால் விளங்கும்.

முதலாவது, மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் நடந்து 1999-ல் வெளிவந்தது. அங்கே மக்காச்சோளக் கஞ்சிதான் குழந்தையின் முதல் உணவு. தானியமும் பயறும் வேர்க்கடலையும் கலந்து 'வீனிமிக்ஸ்' என்று ஒரு மாவு தயாரித்தார்கள், கிட்டத்தட்ட நம் சத்து மாவுதான். இருநூறுக்குச் சற்று அதிகமான குழந்தைகளை நான்கு பிரிவாக்கி, ஆறாம் மாதத்திலிருந்து ஓராண்டு முடியும் வரை கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு வெறும் மாவு, இன்னொன்றுக்கு வைட்டமினும் தாதுக்களும் சேர்த்த மாவு, மூன்றாவதற்குக் கருவாட்டுப் பொடி சேர்த்த மாவு, நான்காவதற்கு ஊர்க் கஞ்சியிலேயே கருவாட்டுப் பொடி. முடிவில் நான்கு பிரிவுக் குழந்தைகளின் வளர்ச்சியிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் இந்த உணவு எதுவும் பெறாத பக்கத்துக் குழந்தைகளைவிட நான்கு பிரிவுமே மேலாக இருந்தன. இரத்தத்தைச் சோதித்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. மற்ற மூன்று பிரிவுகளிலும் இரும்பு இருப்பு குறைந்த குழந்தைகள் பெருகினார்கள், சத்து சேர்த்த பிரிவில் அப்படி ஆகவில்லை. வைட்டமின் ஏ நிலையும் அந்தப் பிரிவில்தான் மேல்.

இரண்டாவது, மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா. 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் நடந்தது. இரண்டு கிராமங்களுக்குத் தாவரப் புரதமும் பால்பொடியும் சர்க்கரையும் கலந்த 'அடோலே' என்ற கஞ்சி. இரண்டு கிராமங்களுக்குப் புரதம் இல்லாத இனிப்புப் பானம். 1971-லிருந்து இரண்டிலும் ஒரே மாதிரி வைட்டமின், தாது சேர்த்தார்கள். மூன்று வயதில் அடோலே குடித்த கிராமத்துப் பிள்ளைகள் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் கூடுதல் உயரம். ஆராய்ச்சிக்காரர்கள் அதோடு விடவில்லை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகும் தேடிப் போய்ப் பார்த்தார்கள். 2008-ல் வெளிவந்த கணக்கின்படி, மூன்று வயதுக்குள் அடோலே பெற்ற ஆண்களின் மணிக்கூலி மற்றவர்களைவிட 46 சதவீதம் அதிகமாக இருந்தது. இரண்டு வயதில் குடித்த கஞ்சி முப்பது வயதுக் கூலியில் தெரிகிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு தெளிவு கிடைக்கிறது. எடைக்கும் உயரத்திற்கும் வேண்டியது போதிய அளவு உணவு: தானியம், பருப்பு, கொழுப்பு. முடிந்தவர்களுக்குப் பால், முட்டை, மீன். இரத்தத்திற்கு வேண்டியது இரும்பும் நுண்சத்துக்களும். சேர்த்த சத்து முதலாவதின் இடத்தை நிரப்பாது, வெறும் மாவு இரண்டாவதின் இடத்தை நிரப்பாது. பத்து கிராம் டப்பா மாவு கொடுத்த வீட்டில் இரண்டுமே அரைகுறையாக நின்றுவிடும்.

நம் மாநிலத்தில் நடந்தது

இந்த விஷயத்தில் தமிழ்நாடு உலகத்துக்கே ஒரு பாடம் சொல்லியிருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1980-ல் உலக வங்கிக் கடனுதவியுடன் 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்' தொடங்கப்பட்டது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலையில் வந்த சத்துணவுத் திட்டத்திற்கும் முந்தியது இது. அதன் தனிச்சிறப்பு, எல்லாக் குழந்தைகளுக்கும் உணவு கொடுக்காதது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எந்தக் குழந்தைக்கு எடை ஏறவில்லையோ அதற்கு மட்டும் சத்துருண்டை, அதுவும் 90 நாள். எடை தேறியதும் நிறுத்திவிடுவார்கள். தேறாவிட்டால் நோய் ஏதும் உண்டா என்று மருத்துவரிடம் அனுப்புவார்கள். குறைந்த சரக்கை வேண்டிய இடத்துக்கு, வேண்டிய நேரத்தில் அனுப்பும் வியாபாரிக் கணக்கு இது. கடும் ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்ததாக மதிப்பீடுகள் கூறின. 1989-ல் முதல் கட்டம் முடிந்து, 1990 முதல் 1997 வரை இரண்டாம் கட்டம் நடந்தது.

அந்த வழியில் வந்ததுதான் அங்கன்வாடியில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவு. கோதுமை, கடலைப்பருப்பு, முளைகட்டிய கேழ்வரகு, வெல்லம், அதோடு வைட்டமின், தாதுக் கலவை. 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் இப்படிக் கொடுக்க வேண்டும் என்று வகுக்கப்பட்டது. பத்து கிராம் டப்பா மாவின் 40 கலோரியை இதனோடு வைத்துப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கும் டப்பாவில் இருக்கும் இரும்பும் வைட்டமினும் இலவசமாகக் கிடைக்கும் மாவிலும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் டப்பாவில் பளபளப்பு இருக்கிறது. மாவுப் பாக்கெட்டை மாட்டுக்குக் கரைத்து ஊற்றும் வீடுகளும் உண்டு. அரசு முத்திரை போட்ட மாவுப் பாக்கெட்டை யாராவது கடைக்குக் கொண்டுவந்து விலை பேசினால் வாங்காதீர்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அது ஒரு கைக்குழந்தையின் ஒரு மாத இரும்பு இருப்பு.

இரும்புக்கு வேறு வழியும் உண்டு. 2018-ல் வந்த இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை ஒரு மில்லி இரும்புச் சொட்டு மருந்து கொடுக்கும்படி வகுத்தார்கள். கிராமச் செவிலியரைக் கேட்கச் சொல்லலாம்.

நம் கடையிலேயே இருக்கும் குழந்தை உணவு

கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் மகளிர் கல்லூரியில் பல ஆண்டுகளுக்கு முன்பே 'குழந்தை அமுது' என்று ஒரு கலவையை உருவாக்கினார்கள். மனையியல் படித்த பெண்களுக்குத் தெரியும். சோளம், மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு இவற்றில் ஏதாவது ஒன்றை வறுத்த மாவு 30 கிராம், வறுத்த பச்சைப்பயறு மாவு 20 கிராம், வறுத்துப் பொடித்த வேர்க்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம். ஆக 80 கிராம், சுமார் 300 கலோரி, பத்து கிராம் புரதம். நான்கும் நம் கடையில் சாக்கிலும் டின்னிலும் இருப்பவை.

ஒரு மாதத்திற்குக் கணக்கிட்டால் தானியம் 900 கிராம், பச்சைப்பயறு 600 கிராம், வேர்க்கடலை 300 கிராம், வெல்லம் 600 கிராம். மொத்தம் இரண்டு கிலோ 400. இன்றைய உங்கள் விற்பனை விலையைப் போட்டு, பக்கத்தில் 300 கிராம் டப்பாவின் விலையை எழுதிப் பாருங்கள். நான் தொகை எழுதவில்லை. வேர்க்கடலை விலை இதழ் அச்சாகி வருவதற்குள் மாறிவிடும்.

வெல்லத்தைப் பற்றி ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கலோரி கூட்டவும் பிள்ளை விரும்பித் தின்னவும் வெல்லம் சேர்த்தார்கள். இப்போது இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உணவில் சர்க்கரை, வெல்லம் சேர்க்க வேண்டாம் என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. டப்பா உணவும் இந்த விஷயத்தில் தப்பவில்லை. 2024 ஏப்ரலில் ஸ்விட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' என்ற அமைப்பு, இந்தியாவில் விற்கும் ஒரு பிரபல குழந்தை உணவில் ஒரு வேளைக்குச் சராசரியாக 2.7 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருப்பதாகவும், அதே நிறுவனம் ஐரோப்பாவில் விற்பதில் அப்படி இல்லை என்றும் வெளியிட்டுப் பெரிய விவாதம் எழுந்தது. எனவே வெல்லத்தை விட்டுவிட்டு, அதன் கலோரிக்கு ஈடாக ஒன்றரைச் சின்னக் கரண்டி எண்ணெயும், கிடைத்தால் மசித்த வாழைப்பழமும் சேர்க்கச் சொல்லலாம். ஆறு முதல் எட்டு மாதத்தில் நாளைக்கு இரண்டு மூன்று வேளை, அதன் பிறகு மூன்று நான்கு வேளை. ஆரம்பத்தில் ஒவ்வொரு பொருளாகப் பழக்க வேண்டும். வேர்க்கடலை முழுதாகவோ உடைத்தோ கூடாது, நைசான பொடியாக மட்டுமே.

ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு என்று யாராவது கேட்டு வந்தால் இதையும் சொல்லாதீர்கள். செவிலியரிடம் அனுப்புங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தப் பகுதியை மொத்த வணிகர்களும் கவனித்துப் படிக்க வேண்டும். குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள், பாலூட்டும் புட்டிகள், குழந்தை உணவுகள் பற்றிய சட்டம் 1992-ல் இயற்றப்பட்டு, 1993 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2003-ல் திருத்தி, குழந்தை உணவு என்பதை ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரைக்குமானது என்று நீட்டினார்கள். கம்பெனிகளுக்கான சட்டம்தானே என்று நாம் இருந்துவிடுகிறோம். ஆனால் அதன் வாசகம் 'எந்த நபரும்' என்று தொடங்குகிறது. கடைக்காரரும் அதில் அடக்கம்.

விற்பதற்குத் தடை இல்லை. விளம்பரத்திற்குத் தடை. கடை வாசலில் குழந்தை உணவுக்குப் பலகை மாட்டுவது, துண்டு நோட்டீஸ் கொடுப்பது, கம்பெனி கொடுத்த அட்டைப் படத்தைத் தொங்கவிடுவது எல்லாம் விளம்பரமே. மாதிரிப் பாக்கெட் கொடுப்பது, 'இரண்டு வாங்கினால் கிண்ணம் இலவசம்' என்பது, அந்தப் பொருளுக்கென்று தள்ளுபடி அறிவிப்பது ஆகியவை தூண்டுதல் என்ற கணக்கில் வரும். தாய்ப்பாலுக்குச் சமம், அதைவிட மேல் என்ற எண்ணம் உண்டாகும்படி பேசுவதும் குற்றம். மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்தில் வகுத்திருக்கிறார்கள். கம்பெனிப் பிரதிநிதி ஆடிக் கழிவு, தீபாவளி இணைப்பு என்று திட்டம் கொண்டுவந்தால், மற்ற சரக்குக்கு வாங்கிக்கொள்ளுங்கள், இந்தச் சரக்குக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாட்டிக்கொள்ளும்போது அவர் வரமாட்டார்.

சத்து மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கும் உறுப்பினர்கள் நம்மிடையே அநேகம் பேர். பொதுவான சத்து மாவாக விற்கும் வரை அது ஒரு வகை. பாக்கெட்டின் மேல் 'ஆறு மாதக் குழந்தை முதல்' என்று அச்சிட்டு, கொழுகொழு குழந்தையின் படத்தையும் போட்டுவிட்டால் கதையே வேறு. அது குழந்தை உணவாகிவிடுகிறது. உறையில் குழந்தை படமோ தாயின் படமோ இருக்கவே கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்ற அறிவிப்பு இருந்தாக வேண்டும். குழந்தை உணவுகளுக்கென்று 2020-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த தனி விதிமுறைப்படி தரமும் இருக்க வேண்டும். சாதாரண மளிகைக் கடைப் பதிவு எண்ணை அச்சிட்டு இதைச் சமாளிக்க முடியாது. முப்பது வகைத் தானியம் போட்டிருக்கிறோம் என்பதும் தகுதி ஆகாது. எண்ணிக்கை கூடக் கூட எதில் பூச்சி இருந்தது, எதில் ஈரம் இருந்தது என்பது தெரியாமல் போகும் என்பது என் அனுபவம்.

ஆகவே என் யோசனை, மாவாக விற்காமல் பொருளாக விற்பது. நான்கு பொருளையும் மாதக் கணக்குப்படி நிறுத்து, ஒரே பையில் போட்டுக் கொடுத்தால் தாயே வறுத்து, மில்லில் அரைத்துக்கொள்வாள். விளம்பரமும் இல்லை, உறையும் இல்லை, எந்தச் சட்டமும் குறுக்கே வராது.

மழைக்காலச் சரக்கு

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் கடைகளுக்கு உப்புக்காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். வேர்க்கடலையும் மக்காச்சோளமும் ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணத்திலிருந்து உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. பெரியவர்களுக்கு ஈரலைக் கெடுக்கும். குழந்தைகளின் வளர்ச்சி குன்றுவதோடும் அதற்குத் தொடர்பு காணப்படுகிறது. மூட்டையைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். பழைய மூட்டை முதலில் போக வேண்டும். சுருங்கிய பருப்பு, நிறம் மாறிய பருப்பு, முளை கறுத்த பருப்பு இவற்றைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். விலை குறைத்து விற்கவும் கூடாது.

குழந்தைக்கென்று வாங்குகிறவர்களுக்கு வேர்க்கடலையை மற்ற தானியத்தோடு கலக்காமல் தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். சேர்த்து அரைத்தால் பத்துப் பதினைந்து நாளில் சிக்கு வாடை வந்துவிடும், மாவு முழுவதும் வீணாகும். வாரத்திற்கு ஒருமுறை 70 கிராம் அளவு வறுத்துப் பொடித்துச் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் மாதம் முழுவதும் கெடாமல் வரும்.